நடுவில் ஒரு குளிர்

மூடியில் கை வைக்காதேங்கோ என்றேன்.
வைத்துவிட்டார்.
சாக்கைப் போட்டு அமத்தியும்
ஆவி முகத்துக்கு நேரே எழும்பியது.
நல்லகாலம், முழங்கையோடு போயிற்று.

மல்லாவியிலிருந்து பாண்டியன்குளம் போகிற வழியில் என் கராஜ்.
கராஜ் என்றால் நாலு கப்பு, தகரம்,
பின்னேரம் மட்டும் வருகிற ஒரு பாலைமர நிழல்.
மாசி. வெட்டு முடிகிற கிழமை.
அருமைத்துரையின் மசி ரக்ரர்
பெட்டியில் நாற்பது மூட்டை நெல்லோடு
மூன்றாம் தரம் கொதித்து நிற்கிறது.

"தேமோஸ்ராற் கழட்டி எறிஞ்சாச்சு.
பெல்ற் புதுசு. பம்பும் புதுசு, வவுனியாவில எடுத்தது.
பிறகும் ஏன் தங்கச்சி கொதிக்குது?"

எறிந்தது பிழை.
அது துருசு.
உள்ளே ஒரு துளி மெழுகு, அதுதான் காவலாளி.
எண்பது பாகை வரும்வரை கதவு திறவாது;
இஞ்சின் முதலில் தன் சூட்டுக்கு வரவேண்டும்.
வந்தபின் மெழுகு இளகிப் பருத்துக் கதவைத் தள்ளும்.
தண்ணி மேல் ஹோசால் ரேடியேற்றர் தலைக்கு ஏறி
நசுக்கிய வைக்கல் போன்ற குழாய்களில்
கிளை வாய்க்கால் கிளை வாய்க்காலாய் இறங்கி
காற்றாடி இழுக்கிற காற்றிடம் சூட்டைக் கொடுத்துவிட்டு
கீழ் ஹோசால் பம்புக்குத் திரும்பும்.
மறுபடி சிலிண்டர்களைச் சுற்றப் போகும்.
ஒரே தண்ணி, ஒரே வட்டம்.
எந்த வரவைக்குப் பாயவில்லை என்பதுதான் வழக்கு.

ஆறவிட்டேன்.
அவர் போனில் மில்காரனோடு கத்தினார்.

ஒயில் கோலை இழுத்தேன். கறுப்பு, நல்ல கறுப்பு.
பால்தேத்தண்ணி நிறத்தில் வந்திருந்தால்
இந்தக் கதை வேறு, காசும் வேறு.
தண்ணி நிரப்பி, மூடாமல் ஸ்ரார்ட் பண்ணினேன்.
வாயில் குமிழி இல்லை. ஹெட் காஸ்கற் தப்பியது.
முன்வலையில் நெற்சப்பி, வைக்கல் தூசி, ஒரு தும்பியின் செட்டை.
ஊதித் தள்ளினேன். காரணத்தில் அது கால்வாசி.

பிறகு நிப்பாட்டி
காற்றாடி ஓயும்வரை பார்த்திருந்து
உள்ளங்கையை வைத்தேன்.
இடது கரை சுட்டது.
வலது கரை சுட்டது.
நடுவில், ஒரு சாண் அகலத்துக்கு,
கிணற்றுக்கட்டுப் போல் குளிர்.

கொதிக்கிற வண்டியில்
நோய் இருப்பது குளிர்ந்த இடத்தில்.

ஈயத்தை உருக்கி மேல்தொட்டியைக் கழற்றினேன்.
வெள்ளை.
குழாய் வாய்களை யாரோ சுண்ணாம்பு பூசி அடைத்ததுபோல்.

"எந்தத் தண்ணி ஊத்துறனீங்கள்?"
"வீட்டுக் கிணறு. வேற எது?"
"கூலன்ற் ஊத்துங்கோ. இல்லாட்டி மழைத்தண்ணி.
உங்கட தண்ணி கல்லாகுது."

ஸ்குறூட்றைவரால் ஒரு பொருக்கைச் சுரண்டி
கையில் வைத்துப் பார்த்தார்.
மில்காரன் திரும்ப எடுத்தான். அவர் எடுக்கவில்லை.

"இதைத்தானே நாங்கள் குடிக்கிறம்."

அவருடைய மனிசி கிழமையில் இரண்டு நாள்
விடியப்புறப் பஸ்ஸில் வவுனியாவுக்குப் போவது
மல்லாவியில் எல்லோருக்கும் தெரியும்.
நாலு மணித்தியாலம், ஒரு மெசினோடு,
கையில் இரண்டு குழாய்.
இரத்தம் ஒன்றால் போய் மற்றதால் வரும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
எனக்குத் தெரிந்தது செம்புக் குழாய்.
மனிசருக்கு எது எதனால் அடைபடுகிறதென்று
டொக்டர்மாரே இன்னும் தேடுகினம்.

கம்பி விட்டுக் குத்தினேன்.
அசிட் ஊற்றினேன், பச்சையாய் நுரைத்தது.
பதினொரு குழாய் கடைசிவரை திறக்கவில்லை,
அவற்றை ஈயத்தால் மூடினேன்.
புது தேமோஸ்ராற் என் பெட்டியிலிருந்து, கடனுக்கு.

இருட்டின பிறகு முள்ளு நடுவில் நின்றது.
நாற்பது மூட்டையோடு ஏறிப்போக முதல்
என் கொட்டிலுக்குப் பின்னாலிருந்த நீலப் பரலைத்
தூக்கிப் பெட்டியில் வைத்தார்.
விலை கேட்கவில்லை.
"கூரைத் தண்ணி பிடிக்க."

பெரிய மழை இனி ஐப்பசிக்குத்தான்.
அது அவருக்கும் தெரியும்.

தேத்தண்ணிக்குக் கேத்திலை ஏற்றினேன்.
மூடியைத் திறந்து
உள்ளே பார்க்கவில்லை.