விலக்குப் பட்டியல்

ஓசூர் பஸ் நிலையம், காலை ஐந்து நாற்பது.
கம்பெனி வண்டி வருவதற்குள்
டீக்கடைப் பேப்பரில் பாதி படித்தேன்:
செல்போனுக்கு வரி விலக்கு.
கணினிக்கு, சில்லுக்கு, இன்னும் சிலதுக்கு விலக்கு.
கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ
ராத்திரியோடு ராத்திரியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.
போன வாரம் எல்லாவற்றுக்கும் வரி என்று
எழுதியதும் அதே பேனாவாகத்தான் இருக்கும்.
மீதிச் செய்தியின் மேல் யாரோ வடையை வைத்துவிட்டார்கள்.

எங்கள் ஊரில் விலக்கு என்றால் வேறு.
அஞ்செட்டிக்கு அப்பால், கடைசி வீட்டையும் தாண்டி
ஜன்னல் வைக்காத ஓர் அறை.
தட்டு தனி, போர்வை தனி, மூன்று ராத்திரி.
வயிற்றுவலியோடு நான் கற்றுக்கொண்ட வார்த்தை அது:
வெளியே போ.
இங்கே அதே வார்த்தை
உள்ளே வா என்கிறது
ஒரு பெட்டியைப் பார்த்து.

லைன் லீடர் நவ்ஷாத் கைதட்டினார்.
“ஆர்டர் நிக்காது, பயப்படாதீங்க.”
நாங்களும் தட்டினோம், இருநூறு பேர்,
கையுறை போட்ட கைகள்,
சோளத்தட்டையில் மழை விழுந்த மாதிரி ஒரு சத்தம்.
அடுத்த வரியையும் அதே சிரிப்போடு சொன்னார்:
இனி ஞாயிறும் வேலை.
மறு உத்தரவு வரை லீவு கேட்காதீர்கள்.

என் வேலை பின்மூடி பார்ப்பது.
ஒன்றுக்குப் பதினோரு நொடி.
விளக்கடியில் சாய்த்து, திருப்பி, மறுபடி சாய்த்து,
முடியளவு கீறல் தெரிந்தால் சிவப்புத் தட்டு,
இல்லையென்றால் பச்சைத் தட்டு.
இதில் யார் பேசுவார்கள், யாரிடம், என்ன மொழியில்
என்றெல்லாம் முதல் மாதம் யோசித்தேன்.
பதினோரு நொடியில் யோசனைக்கு இடமில்லை.

எங்கள் போன்களை லாக்கரில் பூட்டிவிடுவார்கள்.
ஷிஃப்ட் முடிந்து திறந்தால்
திம்மராயன் ஆறு முறை அழைத்திருக்கிறார்.
பர்கூர்ப் பக்கம் மாங்கூழ் கம்பெனியில் அவருக்கு வேலை.
சீசன் வந்தால் பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக இறங்கும்,
பால் பட்டு அவர் முழங்கைவரை வெந்துகிடக்கும்.
இந்த வருஷம் பூ நன்றாகத்தான் பிடித்தது.

“உங்க லிஸ்ட்டுல கூழு இருக்குதா பாரு.”

உங்க லிஸ்ட்டு.
நான் எழுதினது போல.

சூளகிரி தாண்டும்வரை பஸ் வெளிச்சத்தில் தேடினேன்.
வரிசையாக எண்கள், எல்லாம் எண்பத்துநாலு, எண்பத்தைந்து.
கூழின் எண் இருபதில் தொடங்கும்,
டின்னில் சீட்டு ஒட்டி ஒட்டி அவருக்கு மனப்பாடம்.
இருபதில் ஒன்றுமே இல்லை.
பக்கத்து சீட்டு மாதேவி எட்டிப் பார்த்து
“என்ன, பரிட்சை ரிசல்ட்டா?” என்றாள்.
ஆமாம் என்றேன்.

அனுப்பவேண்டிய டின்கள் குடோனில் நிற்கின்றன.
வாங்குகிறவன் பொறு என்கிறான்,
முதலாளி இவரைப் பொறு என்கிறார்.
சீசனுக்கு ஆள் எடுப்பது பிறகு பார்க்கலாமாம்.
அவர் கூழும் என் மூடியும்
ஒரே சாலையில், ஒரே டோல்கேட்டில்
வரிசையில் நின்று போனவைதான்.
டோல்காரன் இரண்டுக்கும் ஒரே காசு வாங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை நான் வேலைக்குப் போனேன்,
அவர் வீட்டில் இருந்தார்.
கேட்டில் தேடும்போது என் கொண்டை ஊசி பீப் என்றது.
கழற்றிக் காட்டினேன்.
தலை அவிழ்ந்தபடியே வீடு சேர்ந்தேன்.

களி கிண்டி வைத்திருந்தார், கொஞ்சம் கட்டி தட்டியிருந்தது.
நடுவில் ஒரு டின்.
பாக்கிச் சம்பளத்தில் பாதிக்கு இதைத்தான் கொடுத்தார்களாம்,
நசுங்கியது, ஏற்றுமதிக்கு ஆகாதது, ஒன்பது டின்.
மீதி எட்டும் கட்டிலடியில்.

கையில் எடுத்தேன்.
என்னையறியாமல் டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்தேன்,
திருப்பினேன், மறுபடி சாய்த்தேன்.
விளிம்போரம் கட்டைவிரல் அளவு பள்ளம்.

“என்ன தட்டு?” என்றார்.

பதினோரு நொடி ஆகட்டும் என்று
நான் வாய் திறக்கவில்லை.
அவர் கத்தியோடு காத்திருந்தார்.