வில்லுக்குறி

நாற்பத்தொரு நோட்டு.
இருபத்தாறு திருத்தி முடித்திருந்தேன், எல்லாவற்றிலும் சரி போட்டு.
இருபத்தேழாவது ஆன்றோ லிபின், கடியப்பட்டணம்.
நான்காம் கேள்விக்கு நிரூபணமே இல்லை.
'கூற்று தவறு' என்று ஒரு வரி, ஓர் எடுத்துக்காட்டு,
அடியில் பென்சிலில்:
'உதவி: நார்வே நாட்டுப் பேராசிரியர் ஒருவர், மின்னஞ்சல் வழி.'

முதலில் சிரிப்புத்தான் வந்தது.
பிறகு கேள்வித்தாளை எடுத்தேன்.

பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே
தொடர்ச்சியான சார்பு எதுவும்
தன் உச்சத்தைத் தொட்டே தீரும், நிறுவுக.

சதுர அடைப்பு என்றால் தொடும்.
நான் அடித்திருந்தது வளைந்த அடைப்பு.
கரண்டு போய்ப் போய் வந்த ஒரு ராத்திரி
மகனுக்குப் பால் காய்ச்சிக்கொண்டே
ஒற்றை விரலில் அடித்த தாள் அது.

வளைந்த அடைப்புக்குள்
எண்கள் ஒன்றை நெருங்கும், நெருங்கிக்கொண்டே இருக்கும்.
ஒன்று அங்கே கிடையாது.
அங்கே இல்லாத உச்சத்தை
இருபத்தாறு பேர் நிரூபித்திருந்தார்கள்,
ஒரே மாதிரி, ஒரே இடத்தில் அடித்துத் திருத்தி.
என் சிவப்பு மையை அழிக்க ரப்பர் இல்லை.
மார்த்தாண்டத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன்.

வராந்தாவில் கூப்பிட்டுக் கேட்டேன்.
ஏச்சு விழும் என்று நினைத்து செல்லை நீட்டினான்.
பதினொரு பேருக்கு எழுதியிருக்கிறான், பதினொரு தேசம்.
'மதிப்பிற்குரிய ஐயா, நான் இந்தியாவின் தென்கோடியில்
பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு.
திங்கள் காலை ஒன்பதரைக்குள் தயவுகூர்ந்து'
கூடவே கேள்வியின் படம்.
ஓரத்தில் அவன் கட்டைவிரல்,
அடியில் ஐஸ் கம்பெனி பில்புக்கின் மூலை.

ஒன்பது பேர் பதில் போடவில்லை.
ஒருவருக்குப் பதிலாக அவருடைய விடுமுறை எழுதியிருந்தது,
ஆகஸ்டில் வருவாராம்.
நார்வேக்காரர் மட்டும் ஒன்றரை வரி:
நீ கேட்பது உண்மையில்லை.
எக்ஸை எக்ஸாகவே விட்டுப் பார்.

விட்டுப் பார்த்திருக்கிறான்.
'காலத்த மூணு மணிக்கு வெளங்கிச்சு மேடம்.'

'ஏம்டே, வீட்டுக்கணக்குக்கு நார்வே வரைக்கும் போவணுமா?
ரெண்டு மாடி ஏறினா நான் இருக்கேம்லா?'

'ஒங்களுக்குத்தான் மேடம் மொதல்ல அனுப்பினேன்.'
குறை சொல்லும் குரல் இல்லை.
வருகைப் பதிவுக்கு 'உள்ளேன்' சொல்லும் குரல்.

சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே
காலேஜ் கொடுத்த முகவரியைத் தேடினேன்.
கெஸ்ட் லெக்சரருக்கு எதற்கு இது என்று
சேர்ந்த அன்றைக்குத் திறந்து மூடியது.
கடவுச்சொல் பழைய வீட்டு எண்.
தக்கலை தாண்டும்போது திறந்தது.
படிக்காதவை இருநூற்றுப் பதினான்கு.
சுற்றறிக்கை, சுற்றறிக்கை, ரத்ததான முகாம், சுற்றறிக்கை,
நடுவே பொருள்: டவுட்.

'மேடம், நாலாவது கேள்வியில்
அடைப்புக்குறி வளைஞ்சிருக்கு.
அது வேணும்னே போட்டதா?'

ஆமா, என்று அடித்தேன்.
யார் கவனிக்கிறீர்கள் என்று பார்க்கத்தான். கொள்ளாம்.
நல்ல பதில். என் மானமும் போகாது, அவனுக்கும் சந்தோஷம்.
புலியூர்க்குறிச்சி வரை அது திரையில் நின்றது.

வில்லுக்குறி, வில்லுக்குறி எறங்கு, என்றார் கண்டக்டர்.
ஒன்பது வருஷமாக இறங்குகிற நிறுத்தம்.
வில் மாதிரி வளைந்த குறி.
இன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

மழை. பேக்கரியின் தகரத்துக்குக் கீழே ஒதுங்கி
எழுதியதை அழித்தேன்.
'இல்லை. தப்பு என்னுது.
நாளைக்கு கிளாசில் சொல்கிறேன்.'
அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் நின்றுவிட்டு
இன்னொரு வரியும் அனுப்பினேன்,
அந்த நார்வேக்காரரின் முகவரி கேட்டு.
எனக்கும் ஒன்று நிற்கிறது,
மூன்றாம் அத்தியாயத்தில், ஐந்து வருஷமாக.