ஒரு ஆள் கூட

பட்டியலில் பதினேழு பேர்.
நான் தூக்கினது பதினெட்டு.

குண்டு வெடித்த அன்று பஸ் ஸ்டாண்டிலிருந்து
ஆஸ்பத்திரிக்கு நாலு ஓட்டம்.
பியதாச ஓட்டினான். நான் பின்னால்,
ஒருவரும் உருண்டுவிடாமல் பிடித்துக்கொண்டு.
யாரையோ இரண்டு தரம் எண்ணியிருப்பாய் என்கிறான்
இன்றைக்கும், தேத்தண்ணியை ஊதியபடி.
இருக்கலாம்.

கிளினிக் நாளில் மூதூரிலிருந்து ஜெஸ்மினா வருவாள்.
லோஞ்சில்தான். பஸ் ஏறமாட்டாள்.
கைக்குள் ஒரு கடதாசிச் சரை.
விரித்தால், கடுகளவு கண்ணாடி.
"முந்தாநாள் மா குழைக்கக்குள்ள வந்திச்சி,
முழங்கைக்கு மேல.
பதினொரு வருசமா எங்க கிடந்திச்சோ."
வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன்.
எந்தச் சீட்டில் இருந்தாய் என்று
கேட்டதில்லை.

வார்ட் கழுவக் குழாயைத் திறந்தால்
முதல் தண்ணீர் எப்பவும் துருச்சிவப்பு.
தெளியும்வரை சுவரைப் பார்த்து நிற்பேன்.
புதிதாய் வந்த நேர்ஸ் பிள்ளை
எனக்குப் பக்தி என்று நினைத்திருக்கிறாள்.

சில நாள் எனக்குத் தோன்றும்:
அந்த ஆள் வாசலில் எழும்பி,
ஒற்றைச் செருப்பைத் தேடிப் பார்த்துவிட்டு,
கடற்கரை ரோட்டால் வீட்டுக்கு நடந்திருக்கலாம்.
கதவைத் திறந்தவர்கள்
ஏன் சுணக்கம் என்று ஏசியிருக்கலாம்.

இரவு வேலை முடிந்து வந்தால்
பஸ் ஸ்டாண்டில் மான்கள் படுத்திருக்கும்,
வாழைத்தோல் மென்றபடி.
எண்ணாமல் போய்விட வேண்டும்.
ஒன்பது, பத்து, பதினொன்று
ஒன்று எழும்பி இடம் மாறுகிறது.
சைக்கிளை நிறுத்துகிறேன்.