ஐந்தாம் நாள்

பணி நிறைவு விழாவில் அறிமுக உரை என் பொறுப்பு.
மூன்று நிமிடம்தான் என்று சொல்லிவிட்டார் முதல்வர்.
அலுவலகம் தந்த தன்விவரம் பதினொரு பக்கம்.

பேராசிரியர் ஐடா செல்வமலர், குழந்தைகள் நலத்துறை.
பிறப்பு கருங்கல். படிப்பு நெல்லையில், மேற்படிப்பு சென்னையில்.
குழித்துறை, தக்கலை, பிறகு ஆசாரிப்பள்ளம்.
கட்டுரைகள் நாற்பத்திரண்டு.
ஆய்வு ஆர்வம்: பச்சிளங்குழந்தைகளின் மஞ்சள் காமாலை.

ஆர்வமாம்.
ஸ்டாம்பு சேர்க்கிறவனுக்கு இருப்பது அது என்று
என் படிவத்தில் ஒருமுறை அந்தச் சொல்லை அடித்துவிட்டு
‘தொந்தரவு’ என்று எழுதிக் கொடுத்தவர்.

பிள்ளையை ஜன்னலோரம் கொண்டுபோவார்.
மூக்கு நுனியில் பெருவிரல், மெல்ல ஓர் அழுத்தம்.
விரலை எடுத்ததும்
ரத்தம் திரும்பி வருமுன் ஒரு நொடி இருக்கிறது.
மாநிறத்துக்கு அடியில் ஒளிந்த மஞ்சள்
அப்போதுதான் மாட்டும்.
அந்த நொடிக்குள்தான் இருந்தார் முப்பத்தோரு வருஷம்.

தாயை மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்புகிறோம்.
மஞ்சள் உச்சிக்கு ஏறுவது நாலிலோ ஐந்திலோ,
நாம் கட்டிலைக் காலி செய்த பிறகு.
வெயிலில் காட்டினால் போதும் என்பார்கள் வீட்டில்.
இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம்;
ஆனியிலும் ஐப்பசியிலும்
வெயிலை யாரிடம் கடன் கேட்பது?

பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் லைன் வீடுகளுக்கும்
முட்டத்துக் கடற்கரைத் தெருக்களுக்கும்
ஐந்தாம் நாள் ஒரு நர்ஸ் போகவேண்டும்.
மூன்று முறை திட்டம் எழுதினார். இரண்டு முறை திரும்பி வந்தது.
மூன்றாவதற்குப் பதில் வருமுன்பே
கிளாடிஸ் சிஸ்டரின் ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது,
பெட்ரோல் மேடத்தின் கணக்கில்.

பதினொரு பக்கத்திலும் இல்லாத ஒன்று:
தொண்ணூற்று நாலு, ஆடி மாதம்.
கடியபட்டணத்திலிருந்து ஏழாம் நாள் வந்த பிள்ளை.
“பால் குடிக்கல்ல டாக்டரே, எப்பளும் ஒறக்கந்தான்.”
முதுகு வில்லாய் வளைந்திருந்தது.
விடிய விடிய ரத்தம் மாற்றினார்கள்.
பிள்ளை பிழைத்தது.
செவி பிழைக்கவில்லை.

எந்தக் கட்டுரையின் எந்த அட்டவணையிலும் அவன் வரமாட்டான்.
எண்ணத் தொடங்கியதே அவனுக்குப் பிறகுதான்.

இன்று மூன்றாம் வரிசையில் இருக்கிறான் ஆன்றோ.
குளச்சலில் வள்ளத்து எஞ்சின் பார்க்கிறவன்,
உள்ளங்கை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவான்.
மைக் கிறீச்சிட்டபோது
காதைப் பொத்திய எங்களை வேடிக்கை பார்த்தான்.

நான் கட்டுரைகளின் எண்ணிக்கையில் இருந்தேன்.
மேடம் மேடையில் இல்லை.

ஆன்றோவின் மனைவி மடியில் துண்டில் சுற்றிய பெண்பிள்ளை.
பிறந்தது திங்கட்கிழமை என்று அவன் விரலால் காட்டினான்.
இன்று வெள்ளி.

எனக்கு இன்னும் ஒரு நிமிடம் மிச்சமிருந்தது.
ரோஜா மாலையைக் கழற்றி
பக்கத்து நாற்காலிக்காரரிடம் திணித்துவிட்டு,
பிள்ளையை வாங்கிக்கொண்டு,
திரைச்சீலை போட்ட அந்த அரங்கில்
ஜன்னல் எங்கே என்று தேடினார்.