இருபத்தெட்டாவது தட்டு

டயர்க் கடைக்கு மேல்மாடியில்தான் எங்கள் ஒத்திகை.
கீழே காற்றடிக்கும் மெஷின்
எந்த நேரம் உறுமும் என்று சொல்ல முடியாது.
அட்டன் மழை தகரத்தில் இறங்கிவிட்டால்
என் கையில் பேஸ் கிட்டார் இருப்பதே
யாருக்கும் தெரியாது, எனக்கும்தான்.

அந்தப் பாட்டைக் கேட்டது திருவிழாக் கமிட்டி.
‘லேசான பாட்டுத்தானே’ என்றார்கள்.
லொறியில், சலூனில், பிள்ளைகளின் போனில்
முப்பது வருசமாக ஓடுகிற பாட்டு.
பல்லவி லேசுதான்.
இரண்டாவது இடையிசையில்
தரை ஒரு படி இறங்குகிறது:
தகிட தகதிமி, தகிட தகதிமி,
ஏழு ஏழாய்.
வயலின்கள் மேலே ஏற
கீழே என் தந்தி
வேறொரு பாட்டைத் தனியாகப் பாடிக்கொண்டு போகிறது.
இத்தனை வருசம் கேட்டும்
அங்கே அது இருந்தது தெரியாது.

பதுளை டிலான் கிட்டாரை மடியில் வைத்து
‘ஹார்மோனிக் மைனர்’ என்றான்.
கோயிலில் நாதஸ்வரம், எங்களிடம் புல்லாங்குழல்,
மோகனரூபன் சொன்னான், ‘போடா, கீரவாணி.’
இருவரும் வாசித்துக் காட்டினார்கள்.
அதே ஏழு சுரம்.
டிலான் சுரத்தில் நின்றான்.
ரூபன் இரண்டு சுரத்துக்கு நடுவே
வழுக்கிக்கொண்டே இருந்தான்,
பனியில் வளைவெடுக்கும் பஸ் மாதிரி.
கீபோர்டை நிறுத்திவிட்டு ரெஜினா
‘பிளேன்டீ ஆறுது’ என்றாள்.

திருவிழா இரவு.
கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்து மைதானம்,
ஜெனரேட்டர், சேறு, எட்டு டியூப்லைட்.
இடையிசை வந்தது.
சனம் கைதட்டத் தொடங்கியது,
நாலு நாலாய்.
டிரம்ஸிலிருந்து சமிந்த என்னைப் பார்த்தான்,
கண்ணாலேயே: நாலுக்கு இறங்கிவிடவா?
வேண்டாம் என்று தலையாட்டினேன்.
தைரியமெல்லாம் இல்லை.
இறங்க எனக்கு வழி தெரியவில்லை.

கைதட்டு எங்களை விட்டு விலகியது,
இன்னும் விலகி
மலைக்கு அந்தப் பக்கம் போன மாதிரி ஆகி
சட்டென்று
எல்லாம் ஒரே இடத்தில் விழுந்தது.
திரும்ப விலகியது. திரும்ப விழுந்தது.
நீட்டு, நீட்டு என்றான் சமிந்த.
மூன்றாம் முறைதான் எண்ணினேன்.
நாலேழு இருபத்தெட்டு.
ஏழுநாலும் அதுவே.
சின்ன வகுப்பு வாய்ப்பாடு
முதுகில் சில்லிட்டது.

மேடைக்கு முன்னால் ஒருவன்,
சாரம், மழைக்கோட்டு, நல்ல வெறி.
எங்களோடும் ஆடவில்லை, சனத்தோடும் ஆடவில்லை,
சும்மா சுற்றிக்கொண்டிருந்தான்.
இருபத்தெட்டு வரும்போது மட்டும்
வலக்காலைச் சேற்றில் ஓங்கி வைத்து
‘ஆங்!’ என்றான்.
ஒருமுறைகூடப் பிசகவில்லை.

முடிந்ததும் தேடிப் போனேன்.
ஜெனரேட்டருக்குப் பின்னால், சூட்டுக்கு ஒட்டி
தூங்கிக்கொண்டிருந்தான்.
எழுப்பலாமா? எழுப்பி என்ன கேட்பது?
வேன் ஹோர்ன் அடித்தது.
உள்ளே டிலானும் ரூபனும்
மைனரா கீரவாணியா, மறுபடி தொடங்கியிருந்தார்கள்.
டோர்ச்சைத் தாழ்த்திப் பார்த்தேன்.
இடதுகாலில் செருப்பு அப்படியே இருந்தது.
வலதுகால்
முழங்கால் வரை சேறு.