இரண்டு முஷ்டி

இடுப்பகலம், கூடவே இரண்டு முஷ்டி.
அதுதான் கயாக்கின் கணக்கு.
அக்டோபரில் என் கைகள் பலகையைப் பிடித்திருந்ததால்
ஏனோக்கின் முஷ்டியை வைத்து அளந்தோம்.

மே மாதம், மனீட்சோக் துறை.
கவிழ்ந்தேன்.
படகு ஒரு பக்கம் புரண்டது,
நான் இன்னொரு பக்கம்.
தொடையைக் கவ்வ வேண்டிய வளைசட்டத்துக்கும் எனக்கும் நடுவே
ஒரு ரொட்டி போகிற இடைவெளி.

மீன் ஆலைச் சீருடையோடு இறங்கி
இழுத்துப் போட்டாள் இவாலு.
"உன் இடுப்பாடி இது?
அவன் நினைத்துக்கொண்ட இடுப்பு!"

ஏனோக் ஆல்போர்க் போய் ஐந்து மாதம்.
நைலான் தோலை இழுத்துத் தைத்தாயிற்று,
இனி மரத்தில் கைவைக்க முடியாது.
அவன் விட்டுப்போன படுக்கைப் பாயின் நுரையைச் சீவினேன்:
வலப்புறம் ஒன்றரை விரற்கடை,
இடப்புறம் இரண்டு.
நாற்பத்தோரு வயதில்தான் தெரிகிறது
நான் கோணல் என்று.

மறுபடி கவிழ்ந்தேன்.
பச்சை இருட்டு. பல்லுக்குள் குளிர்.
இடுப்பைச் சொடுக்கினேன்,
படகும் சொடுக்கிற்று.

மூக்கில் உப்பு ஒழுக நிமிர்ந்தபோது
கரையில் இவாலு
சிகரெட்டைப் பாதிகூட முடித்திருக்கவில்லை.
"இன்னொரு தரம்" என்றாள்,
"நான் பார்க்கவில்லை."