கால் குளிசை

முத்தையன்கட்டுக் குளத்தின் நீர்மட்டத்தைக்
காலை ஆறரைக்குக் கொப்பியில் எழுதுவது என் வேலை.
அடி, அங்குலம், ஒப்பம்.
தை மாதம் ஒருநாள்
அதே கொப்பியின் கடைசித் தாளில்
இன்னொரு கணக்குத் தொடங்கினேன்:
குளிசை அரை. தலைக்குள் கரண்ட் அடித்தது பதினொரு தரம்.

எதற்காக விழுங்கத் தொடங்கினேன் என்று
இங்கே எவரும் கேட்பதில்லை.
எப்போது நிறுத்துவாய் என்றுதான் கேட்பார்கள்,
கொடுத்த கடனைக் கேட்பதுபோல.

கிளினிக்கில் றெஜினா மிஸ் சொன்னா:
"அவசரப்படாதையுங்கோ. துருசை ஒரேயடியாத் திறந்தால்
வாய்க்கால் உடையுமெண்டு உங்களுக்குத் தெரியும்தானே."
தெரியும்.
தெரிந்தும் மாசியில் ஒரு கிழமை
முழுதாய் விட்டுப் பார்த்தேன்.
கண்ணைத் திருப்பினால்
உலகம் அரை நொடி பிந்தி வந்து சேர்ந்தது.
அணைக்கட்டில் சைக்கிளைப் போட்டுவிட்டுக்
குந்தி இருந்தேன்.
வெயில் என்று நினைத்துத்
தெய்வேந்திரம் அண்ணை குடை தந்தார்.

திரும்பவும் அரை.
பிறகு, சவர பிளேட்டால், கால்.
பிளேட்டில் ஒட்டிய வெள்ளைத் தூளை
நக்குவதா ஊதுவதா என்று
யோசித்த காலைகளும் உண்டு.

பங்குனி: வியர்வை. கனவெல்லாம் கலரில், சத்தத்தோடு.
சித்திரை: வருடப்பிறப்பன்று
பயற்றம் பணியாரத் தட்டுக்கு முன்னால் அழுதேன்.
வைகாசி: எழுதவில்லை.

சுகம் என்று ஒன்று வருமானால்
படலை திறக்கும் சத்தம் கேட்கும் என்றிருந்தேன்.
அது கோபமாய் வந்தது.
பக்கத்து வளவு ஆடு
கறிவேப்பிலைக் கன்றைத் தின்றதற்கு
வேலிக்கு மேலால் எட்டி நன்றாய்ப் பேசினேன்.
முழு வசனங்களாய்,
நடுவில் சொல் மறந்து நிற்காமல்.
புஸ்பராணியக்கா திகைத்துப் போனா.
ஏழு வருடமாய் அவ என்னிடம் கேட்டது
ஒரு "ம்" மட்டும்.
உள்ளே வந்து கையைப் பார்த்தேன். நடுங்கியது.
ஆனால் பசித்தது.

மறுநாள் திரும்பவும் விழுந்தேன்.
மூன்று நாள் பாயை விட்டு எழவில்லை.
அந்த மூன்று நாளும் நீர்மட்டம்
தெய்வேந்திரம் அண்ணையின் கையெழுத்தில் இருக்கிறது.
அவருடைய ஐந்து, என்னுடையதைவிடக் குண்டு.

ஆனியில் மகன் அபிசன்
காட்டுக்குள் போய்ப் பாலைப்பழம் கொண்டுவந்தான்,
தொப்பி நிறைய.
உதட்டில் பால் ஒட்டிப் பிசுபிசுத்தது.
இனிப்பு இனிப்பாகவே இருந்தது,
இனிப்பு என்று எங்கோ கேட்ட
செய்தியாக இல்லாமல்.
கொட்டைகளை எண்ணவில்லை. நிறையத் தின்றேன்.
அன்றிரவு வயிற்றால் போனதும் உண்மை.

இன்று ஆடி நாலு.
சோளகம் அணைக்கட்டில் புழுதி கிளப்புகிறது.
சிறுபோகத்துக்குத் திறந்துவிட்டதில்
குளம் நாளுக்கு நாள் வற்றுகிறது.
உவமைக்கு உதவாத குளம்,
நான் ஏற ஏற அது இறங்குகிறது.
அளவுகோலின் அடி இலக்கங்கள்
சேறு காய்ந்தபடி வெளியே நிற்கின்றன.
ஒன்பது அடி நாலு அங்குலம்.

எழுதிவிட்டுக் கடைசித் தாளைப் புரட்டினேன்.
கரண்ட் அடித்ததாய்க் கடைசிப் பதிவு
ஆனி இருபத்திரண்டு.
அதற்குப் பிறகு
"இல்லை" என்றுகூட எழுதியிருக்கவில்லை.
அடிக்காமல் விட்டதா,
எண்ண மறந்தேனா?
சைக்கிளில் சாய்ந்து நின்று
தலையை இடமும் வலமும் திருப்பிப் பார்த்தேன்.
குளம், கொக்குகள், அக்கரைக் காடு
எல்லாம் கூடவே திரும்பின, பிந்தாமல்.
ஒரேயொரு தரம்,
காதுக்குப் பின்னால் மிக மெல்லிய கீறல்.
சரி.
ஒன்று, என்று எழுதினேன்.

நாளைக்கான கால் குளிசை
கைப்பைக்குள், கடதாசியில் சுற்றியபடி இருக்கிறது.

துருசடியில் நின்று
தெய்வேந்திரம் அண்ணை கத்தினார்:
"எவ்வளவு, பிள்ளை?"

"ஒண்டு" என்று சொல்லிவிட்டு,
"ஒம்பது நாலு" என்று திருத்தினேன்.